கொண்டைக்காரனுக்குக் கை முளைச்ச கதை

முழுசாப் படிக்கலையா? யாரு, நானா? நல்லாக் கேட்டிய போங்க!

கார் சாவிய அந்த மேசையில வைங்க தம்பி. அத வெரல்ல போட்டுச் சுத்திக்கிட்டே இருந்தா எனக்குப் பேச்சு வராது. அலமாரியில ஒரு தட்டு நெறைய படக்கதைப் புத்தகம். ஒண்ணு விடாம, ஒரு கட்டம் விடாம, கண்ணாடியப் போட்டு, அது பத்தாதுன்னு எங்க வீட்டு அவிய வச்சிருந்த பூதக்கண்ணாடியையும் பிடிச்சுப் பாத்தவ நான். ஒங்க தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கவன் பாத்திருப்பானா? மேல ரூம்ல படம் ஓட்டுதவன் பாத்திருப்பானா? மேனேஜர்னு நீங்க இருக்கிய, நீங்க பாத்திருப்பியளா? இல்லேல்லா? பொறவு என்னத்துக்கு, "புத்தகத்த முழுசாப் படிச்சீங்களா பாட்டி"ன்னு ஒரு கேள்வி?

பாட்டின்னும் சொல்லாதிய. ஆச்சின்னு சொல்லுங்க. பாட்டின்னா சீரியல்ல பேசாம மூலையில உக்காந்திருக்கவ மாதிரி இருக்கு.

ரயிலுக்கு நேரம் கெடக்கு. செங்கோட்டை ரயிலு என்னைக்குச் சொன்ன நேரத்துக்குப் பொறப்பட்டுச்சு? சிந்துபூந்துறையில வீடு வச்சிருக்கவளுக்கு ரயில் நேரம் நீங்க சொல்லவேண்டாம். ஜங்ஷன்ல இஞ்சின் தும்முனா எங்க அடுக்களையில கேக்கும். எங்க நாத்தனா செம்பாவ ரயில் ஏத்திவிடணும், அவ்வளவுதான? பெட்டிய ஒங்க கார்ல வச்சாச்சு. அவளும் அன்னா உள்ரூம்ல சேலை மாத்திட்டு இடுப்பக் கொஞ்சம் சாச்சிருக்கா. ஒரு சத்தம் கொடுத்தா எந்திரிச்சு வந்துருவா. எப்பவும் வார ஆட்டோ இன்னைக்கு ஏன் வரலன்னு என்கிட்டக் கேக்காதிய. காலையில நான் அவனுக்குப் போன் பண்ணுனது வேற விசயமா.

நீங்க வந்தது என்னைய ஏசுததுக்கு. அது எனக்குத் தெரியும். "ஆச்சி, இனிமே தியேட்டர் வாசல்ல நின்னு, டிக்கெட் எடுக்க வாரவுககிட்ட படத்த மாத்தி எடுத்துருக்கான்னு சொல்லாதீங்க"ன்னு சொல்ல வந்திய. வந்த எடத்துல செம்பா ஒங்களப் பாத்து, "போற வழியில ஜங்ஷன்ல எறக்கி விடுதியளா தம்பி"ன்னு கேட்டுட்டா. நீங்களும் நல்ல மனுசன், சரின்னுட்டிய. கூட்டிட்டுப் போங்க. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அவ என்னத்துக்குப் போறான்னு தெரிஞ்சுக்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க. ஒங்க படத்தாலதான் போறா.

உக்காருங்க. முந்திரிக்கொத்து எடுத்துக்கிடுங்க.

எங்க பேத்தி லோசனி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுட்டுப் போன புத்தகம் அது. சப்பான் படக்கதை. மாங்கான்னு அதுக்குப் பேரு, ஊறுகா போடுத மாங்கா இல்ல. எழுத்து இங்கிலீசு, எனக்கு இங்கிலீசு தெரியாது. தெரியாட்டா என்ன? படம் போட்டவன் எல்லாத்தையும்தான் போட்டு வச்சிருக்கானே. அழுதா கண்ணீர் இருக்கு, கோவம்னா நெத்தியில நரம்பு இருக்கு. இதுக்கு மேல எழுத்து வந்து என்னத்தச் சொல்லப்போவுது?

புத்தகத்த எடுத்துப் பாத்தா, அட்டை மாறி இருக்கு. பேரு போட்ட கலர் அட்டை பின்பக்கம் கெடக்கு. ஒண்ணு ரெண்டுல இல்ல, அம்புட்டுலயும். சப்பான்லயும் ஒரு மந்திரமூர்த்தி இருக்கான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். மந்திரமூர்த்தி எங்க பெரியப்பா மவன். டவுன்ல பைண்டிங் கடை வச்சிருந்தான். கணக்குப் புத்தகத்துக்கு வரலாறு அட்டைய ஒட்டிருவான். கேட்டா, "உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கு, அட்டையவா படிக்கப் போற"ம்பான். ஒரு தடவ ஒரு கல்யாணப் பத்திரிகைய, மாப்பிள்ளை பேரு போட்ட பக்கத்த வெளிய மடிக்காம அச்சகத்து விளம்பரத்த வெளிய மடிச்சு அனுப்பி, பாதிப் பேரு கல்யாணத்துக்கே போகல. சரி, அந்தக் கத பொறவு.

அதுமாதிரி நம்பரும் தலைகீழாப் போட்டிருந்தான். அடுக்கி வச்சிருந்த புத்தகமும் சரி, உள்ள பக்கமும் சரி, பெரிய நம்பர்ல தொடங்கி ஒண்ணுல முடியுது. ராக்கெட் விடுதவங்க எண்ணுதாங்கள்லா, அப்படி. மொத பக்கத்துல ஒரு பய உள்ளங்கையக் காட்டிக்கிட்டு நிக்கான், 'நில்லு'ங்குத மாதிரி, பக்கத்துல ஒரு அம்புக்குறி. ஏதோ விளம்பரம்னு தள்ளிட்டேன். நம்ம பேப்பர்லயும் மொத பக்கம் விளம்பரந்தான வருது?

சிரிக்கியளா? சிரிங்க, சிரிங்க. கதையக் கேட்டுட்டுச் சிரிங்க.

பனி கொட்டுது. பக்கம் முழுக்க பனி, ஒரு எழுத்துக் கெடையாது. நடுவுல ஒரு சமாதி. அதுக்கு முன்னால ஒரு கெழவி. தாடையில மச்சம். நான் மச்சக்காரின்னு பேரு வச்சேன். பக்கத்துல ஒரு நாயி, அதுக்கு ஒத்தக் கண்ணு. பக்கத்தத் திருப்புனா, அந்தக் கெழவி மொகத்தச் சமாதியப் பாத்து வச்சுக்கிட்டு, பின்னாலயே நடந்து நடந்து வீட்டுக்கு வாரா. அங்க பெரியவுக சமாதிக்கு முதுகு காட்டக் கூடாது போல. நல்ல பழக்கம்லா?

வீட்டுக்கு வந்தா, பாயில ஒரு கொண்டைக்காரன் கெடக்கான். அந்த மச்சக்காரி புருசன். மூச்சுக் கெடையாது. இவ கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அடுத்த பக்கம் அவன் கண்ண முழிக்கான்! அதுக்கு அடுத்த பக்கம் கஞ்சி குடிக்கான். ரெண்டு பக்கம் தள்ளிப் போனா எந்திரிச்சு உக்காந்து நாயத் தடவுதான். அப்பவே எனக்கு விளங்கிட்டு. இவ ஏதோ பெரிய நோன்பு இருந்திருக்கா. அவ வாயத் தொறந்து சொல்லல, ஆனா பொம்பள மொகம் பொம்பளைக்குத் தெரியாதா?

அன்னையிலேருந்து போக்கே வேற. அவனுக்கு ஒத்தக் கைதான். ஒரு மலை மேல ஒரு தடியன் வாளோட வாரான், நான் வில்லன்னு நெனச்சேன். மண்ணுல ஒரு கை கெடக்கு. தடியன் வாள ஒரு வீசு வீசுனான், கை எந்திரிச்சுப் போயி தோள்ல ஒட்டிக்கிட்டு! வில்லனே இல்ல தம்பி அவன், டாக்டரு! ஒரு சொட்டு ரத்தம் வெளிய இல்ல, எல்லாம் உள்ள போயிட்டு. செம்பாவுக்கு இடுப்புக்கு ஆபரேசன் பண்ணுனாவளே, தையலு, கட்டு, பிளேட்டுன்னு என்ன பாடு. அந்தத் தடியன் ஒரே வீச்சு.

அப்புறம் போரு. வயக்காடு பூரா ஆளு செத்துக் கெடக்கான். நான் பக்கத்தத் திருப்பத் திருப்ப ஒவ்வொருத்தனா எந்திரிக்கான். ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு, ஒருத்தனுக்கொருத்தன் குனிஞ்சு கும்பிட்டு, அவனவன் அம்மா வீட்டுக்குத் திரும்பிட்டான். எரிஞ்ச ஊருல தீ அடங்கி கூரையெல்லாம் புதுசாயிட்டு. ஒரு போர இவ்வளவு நல்லா முடிச்ச கதைய நீங்க எங்கயாவது பாத்திருக்கியளா? அந்த நாயிக்கு ரெண்டாவது கண்ணும் வந்து, கடேசியில குட்டியாவும் ஆயிட்டு. ஒரு பொம்பள நோன்புக்கு நாயிக்குக்கூட வயசு கொறையுது!

முடிவு ஒரு மரப்பாலம். நல்ல மழ. அவனும் சின்னப் பய, இவளும் சின்னப் பிள்ள. அவன் குடைய இவகிட்ட நீட்டுதான். அவ்வளவுதான். கடேசிப் பக்கத்துல வெறும் பாலம். மழையும் இல்ல, ஆளும் இல்ல. இனிமே எல்லாமே நல்லாத்தான் நடக்கும்னு நமக்கே தெரியும். அதுக்கு ஒரு வார்த்தை வேணுமா?

லோசனிகிட்டப் போன்ல சொன்னேன், படிச்சு முடிச்சுட்டேன்னு. "முடிவுல அழுதியா ஆச்சி?"ன்னா. "அழுவானேன்? சிரிச்சேன்"ன்னேன். "சிரிச்சியா! அது செத்துப்போன எடம் ஆச்சி"ன்னா. "செத்தது தொடக்கத்துலல்லாட்டி. பொறவுதான் எந்திரிச்சுட்டானே"ன்னேன். பொறவு, "ஆச்சி, செம்பா ஆச்சிகிட்டப் போன கொடு"ன்னா. ரெண்டு பேரும் என்னமோ குசுகுசுன்னு பேசுனாங்க. என்னன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல மைனி, மாத்திரை சாப்டியான்னு கேட்டா"ன்னா செம்பா.

நான் செம்பாவப் பத்திச் சொல்லலையே. சொல்லுதேன். சாவியத் தொடாதிய, நேரம் இருக்கு.

செம்பா எங்க வீட்டு அவியளுக்குத் தங்கச்சி. செண்பகவல்லி. கல்லிடைக்குறிச்சியில கட்டிக்கொடுத்தது. பிள்ளை இல்ல. ரெண்டே பேரு, ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லுததுதான் பொழப்பு. காப்பியில சீனி கூடிட்டும்பாரு அவரு, அடுத்த நாளு சீனியே போடாம கொடுப்பா இவ. அவரும் சத்தம் காட்டாமக் குடிச்சுட்டு, "இன்னைக்குத்தான் சரியா இருக்கு"ன்னுட்டுப் போவாரு. போன ஐப்பசியில அவரு பொசுக்குன்னு போயிட்டாரு. சட்டையக் கழத்திக் கொக்கியில மாட்டிட்டுக் கட்டில்ல உக்காந்தவருதான்.

இவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல தம்பி. ஊரு பொம்பளையெல்லாம் சுத்தி உக்காந்து, "அழுதுரு செம்பா, அழுதுரு"ன்னு கெஞ்சுதாளுவ. இவ எல்லாருக்கும் காப்பி வந்துட்டான்னு கேக்கா. நான்தான் சொன்னேன், விடுங்கட்டி, அவ தைரியசாலின்னு. அப்புறம் ஒரு நாள் கிணத்தடியில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சுட்டு. நான்தான் போயி இங்ஙன கூட்டிட்டு வந்தேன்.

வந்தவ சோறு திங்கல. ரெண்டு வாயி. பொறவு செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவா. சொதி வச்சேன், அவியல் வச்சேன், அப்பளம் பொரிச்சேன். ம்ஹும். ஒரு நாளு நான் இந்தப் புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு எனக்கு நானே சொல்லிச் சிரிச்சுட்டு இருக்கேன், அவ செவுத்தப் பாத்தபடியே, "என்ன மைனி அது?"ன்னா. பிடிச்சுக்கிட்டேன்லா! பக்கத்துல உக்காந்து மொதல்லேருந்து காட்டுனேன். சமாதியப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "மைனி, இது தொடக்கமா முடிவா?"ன்னா. "தொடக்கம்தாண்டி, இனிமேத்தான் இருக்கு"ன்னேன். என்னைய ஒரு மாதிரிப் பாத்துட்டு, "சரி, சொல்லுங்க"ன்னா.

அன்னைக்கு ஒரு சட்டம் போட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாயி. வாயில சோறு போனாத்தான் பக்கம் திரும்பும். சண்டைக் கட்டம் வந்தா பக்கம் வேகமாப் போவும், அன்னைக்கு வட்டில் காலியாயிரும். கை வந்து ஒட்டுச்சே, அன்னைக்கு ரெண்டாந்தடவ ரசம் கேட்டா! கஞ்சி குடிச்ச கொண்டைக்காரனப் பாத்துட்டு இவளும் கஞ்சி குடிச்சா. இடுப்பு நேராச்சு, கம்ப ஊனி எந்திரிச்சா, வாசல் வரைக்கும் நடந்தா. டாக்டரு மாத்திரையாலங்காரு. மாத்திரையாம் மாத்திரை.

அப்பந்தான் ஒங்க போஸ்டரப் பாத்தேன். பஸ்ஸ்டாண்டுக்குப் போற வழியில, கொண்டைக்காரன் நிக்கான், உசுரோட, மனுசனா! முப்பிடாதி, அவதான் எங்க வீட்டுல கூடமாட ஒத்தாசைக்கு இருக்கா, அவளக் கூட்டி வாசிக்கச் சொன்னேன். தமிழ்ல பேசுத சப்பான் படம், நம்ம படக்கதையேதான்னா. வந்து செம்பாகிட்டச் சொன்னேன், நாம ரெண்டு பேரும் தியேட்டருக்குப் போறோம்னு. அவ, "வேண்டாம் மைனி, படத்துல எப்படி எடுத்திருப்பானோ"ன்னு இழுத்தா. "எப்படி எடுப்பான்? புத்தகத்துல இருக்கது மாதிரிதான எடுக்கணும்"னேன். எவ்வளவு நம்பிக்கையா வந்தேன் பாருங்க ஒங்க தியேட்டருக்கு.

உள்ள வந்தா ஒரே கூத்தா இருக்கு. ஒரு ஆளு, படக்கதையில வாரவன் மாதிரி வேசம் போட்டு, முடியெல்லாம் காவிக் கலர்ல சாயம், கையில மர வாளு. பிள்ளகுட்டிக்காரன், மொபைல் கடை வச்சிருக்கானாம். எங்களுக்கு முன் வரிசையில உக்காந்திருந்தான்.

படம் தொடங்குச்சு. ஒரு மரப்பாலம். மழ. சின்னப் பய குடைய நீட்டுதான்.

முடிவ எடுத்த எடுப்புலயே காட்டிட்டான்! இனி மிச்சத்த எவன் பாப்பான்? "ஏல, மாத்திப் போட்டுட்டான்ல"ன்னு சத்தம் போட்டேன். காவி முடிக்காரன் திரும்பி, "ஆச்சி, அப்படியே புத்தகம் மாதிரியே இருக்கு, கட்டத்துக்குக் கட்டம். இதவிட உண்மையா எவனும் எடுக்க முடியாது"ங்கான்.

"எங்கல அப்படியே இருக்கு? கொண்டையப் பாரு. புத்தகத்துல அது காத்தே இல்லாம அலையும், இவனுக்குத் தேங்கா நார ஒட்டி வச்ச மாதிரி அசையாம நிக்கு. கண்ணு ஒவ்வொண்ணும் ஆப்பம் அகலம் இருக்கணும், உள்ள நட்சத்திரம் மின்னணும். இவனுக்கு ஒனக்கும் எனக்கும் இருக்கது மாதிரி கண்ணு. அந்த மழ ரெண்டு பக்கம் முழுக்கப் பெய்யும், நான் எவ்வளவு நேரம் வேணும்னாலும் அத நனைஞ்சுக்கிட்டே பாப்பேன். இவன் சித்த நேரத்துல தொடச்சுட்டான்"ன்னேன்.

"அதெல்லாம் சரி ஆச்சி, பக்கம் ஓடாது, நாம நின்னு பாக்கலாம், படம் நிக்காதுல்லா"ன்னான். நல்ல பயதான். "ஆனா கதை அப்படியே இருக்கு"ன்னான்.

"கதையே தலைகீழா இருக்குல!"

"இதுதான் ஆச்சி நேர் வரிசை. நீங்க எந்தப் பக்கமிருந்து படிச்சீங்க?"

பாத்தியளா கேள்விய? நான் சின்ன வயசுலேருந்து எந்தப் பக்கமிருந்து படிக்கேனோ அந்தப் பக்கமிருந்துதான். பத்திரிகை, பஞ்சாங்கம், ரேசன் கார்டு, எல்லாம் ஒரே பக்கமிருந்துதான். இதுக்கு மட்டும் நான் என்ன கண்ணாடியில பாத்தா படிக்கணும்?

அதுக்கப்புறந்தான் ஒங்க மேல ரூமுக்கு ஏறுனேன். முட்டி வலியோட ஏறுனேன். "ரீலத் திருப்பிப் போடுங்க தம்பி"ன்னு மரியாதையாத்தான் சொன்னேன். அந்தப் பய, "ரீலெல்லாம் கெடையாது ஆச்சி, கம்ப்யூட்டரு"ங்கான். "அப்போ கம்ப்யூட்டரத் திருப்பி வை"ன்னேன். அதுல என்ன தப்பு? படம் நின்னதுக்கு நான் காரணம் இல்ல. நான் எதையும் தொடல. என் முந்தானை தொட்டுச்சு.

கீழ வந்து உக்காந்தா, படம் போகப் போக கெட்டுக்கிட்டே போவுது. நல்லா இருந்த ஊரக் கொளுத்துதான். அவனவன் அம்மாகிட்டச் சோறு தின்னுட்டு இருந்த பயலுவள எல்லாம் கூட்டிட்டுப் போயி வயக்காட்டுல சாகடிக்கான். எங்க டாக்டரு, அந்தத் தடியன், அவனே கைய வெட்டுதான்! தியேட்டர் பூரா கை தட்டுது. பாவிகளா, ஒட்டுன கைய வெட்டுதான், அதுக்குப் போயி கை தட்டுதிய!

எனக்கு அப்பந்தான் பொறி தட்டுச்சு. இந்தப் போக்குல போனா இவன் எங்க கொண்டு நிறுத்துவான்? பாயில நிறுத்துவான். சமாதியில நிறுத்துவான். பக்கத்துல யாரு இருக்கா? செம்பா. சோறு எறங்காம கெடந்தவ. நான் ஒரு ஒரு வாயா ஏத்தி எந்திரிக்க வச்சவ.

கஞ்சிக் கிண்ணத்த அவன் தள்ளி வைக்கான். உசுரு போகப்போவுது. நான் முந்தானைய எடுத்து செம்பா கண்ண மூடிட்டேன். "பாக்காதட்டி, இது பொய்யி, மாத்தி எடுத்திருக்கான்"னேன். அவ என் கைய எடுத்துவிட்டா. நான் மறுபடியும் மூடுனேன். அவ என் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டு, "மைனி, கைய எடுங்க. நான் பாக்கணும்"னா. அவ்வளவு பலம் அவளுக்கு எங்ஙன இருந்து வந்துச்சோ.

பாத்தா. மச்சக்காரி அவன் கைய எடுத்து நெஞ்சுல வைக்கா, போர்வைய இழுத்து விடுதா. அப்பவும் பாத்தா. பனி கொட்டுது, சமாதி, அந்த நாயி. செம்பா அழுதுட்டா தம்பி. விக்கி விக்கி, தோளு குலுங்கி. படம் முடிஞ்சு லைட்ட போட்டாச்சு, ஒங்க ஆளுக தூத்துப் பெருக்க வந்தாச்சு, இவ அழுதுக்கிட்டே இருக்கா. அந்தக் காவி முடிக்காரன் வாள ஒதுக்கி வச்சுட்டு ஒரு தண்ணிப் பாட்டில நீட்டிக்கிட்டு நிக்கான்.

ஒரு வருசமா ஒரு சொட்டு விடாம நான் காப்பாத்தி வச்சிருந்தவள, ஒரே மேட்னி ஷோவுல அழ வச்சுட்டிய. இதுக்கு நான் வாசல்ல நின்னு நாலு பேருகிட்டச் சொல்லக் கூடாதா?

ஆட்டோவுல வரும்போது கண்ணத் தொடச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "மைனி, அந்தப் புத்தகத்த வலது பக்கமிருந்துதான் படிக்கணும். லோசனி அன்னைக்கே போன்ல சொல்லிட்டா."

"பின்ன ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீங்க கதைய நிறுத்திருவிய."

நான் நம்பல. ஒங்க படம் அவள அப்படிக் கொழப்பி விட்டுட்டு. லோசனி பெங்களூர்ல இருந்தா எல்லாம் தெரியுமோ? போன தடவ வந்தப்ப குக்கருக்கு விசில் போட மறந்தவதான அவ.

அன்னைக்கு ராத்திரி இவ என்னைக் கேக்காமலே வட்டில எடுத்து வச்சு, தானே போட்டுத் தின்னா. ஒரு பக்கம் கெடையாது, ஒரு கதை கெடையாது. காலையில காப்பியக் குடிச்சுட்டு, "மைனி, நான் வீட்டுக்குப் போறேன். அவுக சட்டையெல்லாம் கொக்கியிலயே தொங்குது. எடுத்து மடிக்கணும்"னா.

சட்டைய மடிக்கதுக்கு ஒரு ஆளு ரயிலேறணுமா? இங்ஙன சட்டையா இல்ல? எங்க வீட்டு அவிய சட்டை பீரோ நெறைய இருக்கு, எத்தன வேணும்னாலும் மடிக்கட்டும். சொன்னேன். சிரிச்சா. பெட்டியக் கட்டிட்டா.

அதுக்குத்தான் தம்பி ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். போற வழியில அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. "ஆச்சி சொன்னதுதான் சரி, எங்க கம்ப்யூட்டர்ல மாறிட்டு, கொண்டைக்காரன் சாகவே இல்ல"ன்னு. மேனேஜர் சொன்னா நம்புவா. என்ன, முடியாதா? ஒரு சின்னப் பொய்யி. அதுவும் பொய்யி இல்ல. முடியாதா? சரி, ஒங்க மனசாட்சி ஒங்களுக்கு. எந்திரிக்காதிய, இன்னும் ஒண்ணே ஒண்ணு.

நீங்க ஒண்ணு கேட்டியளே, பின்னாலருந்து பாத்தா ஒரு கதை எப்படி விளங்கும்னு. கேக்கலையா? மனசுல கேட்டிருப்பிய. நானும் எங்க வீட்டு அவியளும் கல்யாணமான புதுசுல பாத்த படம் அம்புட்டையும் அப்படித்தான் பாத்தோம். அவிய ஒரு எடத்துக்கும் நேரத்துக்குக் கெளம்ப மாட்டாவ. நான் பூ வச்சு, பவுடர் போட்டு வாசல்ல நிப்பேன், அவிய அப்பந்தான் செருப்பத் தேடுவாவ. தியேட்டருக்குப் போனா இடைவேளை முடிஞ்சு மணி அடிப்பான். ரெண்டாம் பாதியப் பாப்போம். எல்லாரும் சேந்து, கல்யாணம் நடந்து, சுபம் போட்டுருவான். கேட்டுல நிக்கவரு அவியளுக்குத் தெரிஞ்சவரு, வெளிய தள்ள மாட்டாரு. அப்படியே உக்காந்திருந்து அடுத்த ஆட்டத்துல மொத பாதியப் பாப்போம். வில்லன் எவ்வளவு குதிச்சாலும் எனக்குப் பயமே வராது. முறுக்கத் தின்னுக்கிட்டே, "குதில, குதி, ஒனக்கு என்ன நடந்துச்சுன்னு நான் பாத்தாச்சு"ம்பேன். அக்கம்பக்கத்துல இருக்கவுக ஏசுவாக. அவிய சிரிப்பாவ. ஒரு படத்துல அப்பன் செத்துட்டான், நான் அழுதேன், அடுத்த ஆட்டத்துல அவனே வந்து வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பாடுதான். அந்த மாதிரி ஒரு சந்தோசம் நேராப் பாக்கவுகளுக்குக் கெடைக்குமா? சொல்லுங்க. அந்தப் படத்துல கதாநாயகி கட்டியிருந்த சேலை மாதிரி ஒண்ணு வேணும்னு நான் கேட்டு, அவிய டவுன்ல கடை கடையா ஏறி, அந்தக் கடைக்காரன்…

ஸ்ஸ். இருங்க.

கேட்டியளா? ஊதுனான். ஜங்ஷன விட்டு எடுத்துட்டான் பாருங்க. இன்னைக்குன்னு பாத்துச் சொன்ன நேரத்துக்கு எடுத்திருக்கான், சவம்.

என்னைய ஏன் தம்பி பாக்கிய?

"மைனி, ரயிலு போயிட்டா?"

உள்ள இருந்து அவதான். போயிட்டுட்டி! இந்தத் தம்பிதான் பேசிப் பேசி நேரத்தக் கடத்திட்டாரு.

"அவரு ஒரு வார்த்தை பேசுன மாதிரி எனக்குக் கேக்கலையே மைனி."

ஒனக்கு இடுப்புதான் ஒடிஞ்சுதுன்னு நெனச்சேன், காதும் போயிட்டா? இம்புட்டு நேரமும் முழிச்சுக்கிட்டா கெடந்த? நேரமாச்சுன்னு ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்லா?

"நீங்க போர முடிச்சு வச்சு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு இருந்திய. நடுவுல எப்படிக் கூப்பிட?"

பாத்தியளா தம்பி. சிரிக்கா.

ஏட்டி செம்பா, சட்டைக்கென்ன காலா இருக்கு, எறங்கி ஓடிரவா போவுது? வெள்ளிக்கெழம போவோம். நானும் வாரேன். ஒத்தையில நீ கொக்கியக் கொக்கியப் பாத்துக்கிட்டு நிப்ப, ஒரு சட்டை மடியாது. நான் எடுத்து எடுத்துத் தாரேன், நீ மடி. என்ன, சரியா?

"சரி மைனி."

ஆங், அப்படிச் சொல்லு. நீங்க ஏன் தம்பி எந்திரிச்சு நிக்கிய? இனிமே ஒங்களுக்கு என்ன அவசரம்? உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போங்க. ஏட்டி முப்பிடாதி! எங்கட்டி போன? தம்பி சாவி தருவாரு, வாங்கிக் கார்லேருந்து செம்பா பெட்டிய உள்ள கொண்டா!